ஹாரனா, பரிச்சையா?

மார்ச் 11, செவ்வாய். வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எட்டே காலுக்கு மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போகையில் பாகூர் ஏரிக்கரையில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

கரும்பு டிராக்டர் ஓட்டி வந்தவர் இறங்கினார். காதில் செருகிய பீடி; எதையும் உற்றுக் கேட்கையில் கண்ணை மூடிக்கொண்டார். பின்சீட்டில் காதை வைத்து, "சாவி போடு சார்" என்றார். "சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்பு சத்தமே இல்ல."

பானட்டைத் திறந்து மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளான இரண்டு சிறிய கறுப்பு ரிலேக்களைப் பிடுங்கினார். அதற்குமேல் அவர் முதுகு மறைத்ததால் எனக்குச் சந்தேகம்.

"இன்னா எடுக்குறீங்க?"

"உனக்கு ஹாரன் வேணுமா, பொண்ணுக்குப் பரிச்சை வேணுமா?"

கார் கிளம்பியது. வழியில் ஹாரனை அழுத்தினேன்; சத்தம் வரவில்லை. "ஏதோ திருடிட்டான்" என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக பானட்டைத் திறந்தேன். ஹாரனின் நல்ல ரிலே பம்பின் இடத்தில் இருந்தது. பம்பின் கெட்டுப்போன ரிலே ஹாரனின் இடத்தில். எதுவும் காணாமல் போகவில்லை. மகளை எழுப்பி அதைச் சொன்னேன்.