வால்வில் தொங்கிய செருப்பு

என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபோது எனக்கென்று விட்டுப்போனது அவர் தங்கையை மட்டும்தான். சர்க்கரை டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் ‘சாவி’. ஆலையில் ஆபரேட்டர். அங்கேதான் நான் பெருக்குகிறேன். அவள் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. என் சம்பளம் வெற்றுப் பெருமைக்கு.

அங்கே காற்றை உறிஞ்சிப் பெரிய இரும்புப் பெட்டிகளுக்குள் விடுவார்கள். உள்ளே மருந்து ஏற்றிய வெள்ளை மணிகள், மிளகளவு. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவை பிடித்துக்கொள்ளும். நீராவியில் சூடாக்கினால் கக்கிவிடும். அதைத் தொட்டியில் அடைப்பார்கள். சூடான மணியில் மட்டும் வெறுங்காற்று படக்கூடாது. பட்டால் மருந்து கெட்டு, பெட்டி மொத்தமும் குப்பை.

பழுது பார்க்கப் பெட்டிக்குள் இறங்குகிறவன் தன் செருப்பில் ஒன்றை நீராவி வால்வில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். அவனேதான் திரும்பி வந்து எடுக்கவேண்டும். அதுவரை யாரும் நீராவியைத் திறக்கக்கூடாது. சாவி வைத்த சட்டம்.

அன்று மத்தியானம் ஃபிட்டரின் செருப்பு தொங்கியது. ஆளைக் காணோம்.

"மறந்துட்டு சாப்பிடப் போயிருப்பான்க்கா. எடுத்துட்டு நீராவியத் திறங்க," என்றான் சூப்பர்வைசர்.

"ஒத்தச் செருப்போடயாடா போவான்?" என்றேன்.

"அவன் வெறுங்காலோட கல்யாணத்துக்கே போறவன்மா."

சாவி பெட்டியின் திறப்பில் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். இருட்டு. பதில் இல்லை. அவள் சட்டென்று சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"உள்ள மணியெல்லாம் இன்னும் சூடு ஆறல தம்பி. வாயுவக் கக்கிக்கிட்டே இருக்கும். அடியில தேங்கினா மூச்சு நின்னுடும்."

வெளிக்காற்றைப் பெட்டிக்குள் தள்ளும் காற்றாடியின் சுவிட்சுக்கு அவள் கை போனது. சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்தான்.

"அக்கா, மணி பூரா போயிடும்! உங்க வேலையும் போயிடும். உள்ள ஆள் இல்லன்னா என்ன பதில் சொல்வீங்க?"

"இருந்தா நீ என்ன பதில் சொல்லுவ?"

"போட்டுத் தொலைடி!" என்று கத்தினேன்.

"போட்டாச்சு அண்ணி."

காற்றாடி அலறியது. பெட்டிக்குள்ளிருந்து அழுகிய மீன் நாற்றம், மருந்து கெடுகிறது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் துடைப்பத்தை நெரித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் வேலை போனது என்றே நினைத்தேன்.

பெட்டிக்குள் யாரோ இருமினார்கள்.

முதலில் பாய்ந்தது சூப்பர்வைசர்தான். திறப்பில் பாதி உடம்பை நுழைத்து, ஃபிட்டரின் காலைப் பிடித்து இழுத்தான். வெளியே கிடந்தவனுக்கு உதடு நீலம். மூச்சு வந்ததும் கேட்டான்: "என் செருப்பு?"

"மேலிடத்துல நான் பேசிக்கிறேன்க்கா," என்றான் சூப்பர்வைசர், அவளைப் பார்க்காமல்.

சாவி செருப்பைத் தொடவில்லை.

"மெதுவா எந்திரிச்சு வந்து நீயே எடுடா," என்றாள்.