டவுன்லோட் ஆகி ஒளிந்துகொண்ட அப்பா

அப்பாவின் கருமாதிக்கு முதல் நாள் என் லேப்டாப்பைத் தூக்கித் தேயிலை மலைக்குள் எறிந்திருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அது தப்பியது.

மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றான எங்கள் வீட்டில் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும். "அத வைக்காதடா. அதுல யாரையோ அடிக்கப் போற மாதிரி மொறைக்கிறாரு," என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

நல்ல படம் ஒன்று இருப்பதாக அக்கா சொன்னாள். கோயில் திருவிழாவில் அக்காவின் புருஷன் எடுத்தது. கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கிற மனிதர். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிய நாளிலிருந்து அப்பா அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நானும்தான். கேட்டதும் அனுப்பினார், அதுவும் எப்படி? கேமராவில் இருந்தபடியே, ரா ஃபைலாக! சாதாரணப் படமாக மாற்றினால்தான் கடையில் பிரிண்ட் போடுவார்கள்.

"நான் கொழும்புல கல்யாண வேலையில நிக்கிறேன். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு தானே, மாத்திக்கங்க," என்றார் போனில். அந்தக் குத்தல் எனக்குப் புரியாதா என்ன?

லேப்டாப் கஹவத்தை டவுன் கடையொன்றில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. விண்டோஸ் இல்லை, லினக்ஸ். நான் பேசிய சிங்களத்தைக் கேட்டுவிட்டு, கடைக்காரர் எல்லாவற்றையும் சிங்களத்திலேயே போட்டுக் கொடுத்தார். பேச்சு எனக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்து? எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதை யார் ஒழுங்காகச் சொல்லித் தந்தார்கள்! வாசிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. படக்குறிகளைப் பார்த்தே காலத்தை ஓட்டினேன்.

ஃபைல் இறங்கி முடிந்தது. ஆனால் ஆளைக் காணோம். கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தபடி டவுன்லோட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது. மறுபடி இறக்கினேன். அதே பதில். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அக்காவின் புருஷனுக்குப் போன் போட்டேன்.

"நீங்க படமே அனுப்பல. எங்கப்பா செத்தும் ஒங்களுக்கு அவரு மேல கோவம் தீரல, என்ன?"

"வார்த்தைய அளந்து பேசுங்க மச்சான். நாளைக்கு நான் வரல. இனி ஒங்க வாசலயே மிதிக்க மாட்டேன்."

வராவிட்டால் போகட்டும், பீடை ஒழிந்தது என்று போனை வைத்தேன். அதே ஆத்திரத்தில் திரையில் இருந்த ஒவ்வொரு ஃபோல்டராகக் குத்தித் திறந்தேன். சிங்களத்தில் பெயர் போட்டிருந்த ஒன்றுக்குள் அப்பா இரண்டு தடவை கிடந்தார். சனியன், டவுன்லோட்ஸ் என்பதையே சிங்களத்தில் எழுதி வைத்திருக்கிறது!

ரா ஃபைலை மாற்றுகிற மென்பொருளில் திறந்தேன். படம் இருட்டாக வந்தது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, காவடிக் கூட்டத்துக்கு முன்னால் அப்பா தெரிந்தார். கேமராவை நேராகப் பார்த்து, வெற்றிலைக் கறைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததாக நினைவே இல்லை.

அம்மா திரையைத் தொட்டாள். "அட பாவி மனுசா! மாப்பிளைய பாத்து இந்தச் சிரிப்பு சிரிச்சிருக்காரே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அவர வரச் சொல்லு. அவரு கையாலதான் இதுக்கு மால விழணும்."

அவர் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அப்பா மேலும் இப்போது கொஞ்சம் ஏறியிருந்தது. போனை எடுத்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

"எடுக்கிற வரைக்கும் அடி," என்றாள் அம்மா.