ஜவாத் காக்கா தன் கையால் பூட்டிய படகுப் பட்டறை

வெள்ளிக்கிழமை அதிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் ஜவாத் காக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "வாப்பா மௌத்தாகிட்டார் சாச்சா" என்றார். ஜும்ஆவுக்குப் பிறகு சாய்ந்தமருதில் அடக்கம் செய்தோம்.

வந்தவர்களில் பலர் அவரை நொடிந்துபோன ஒரு படகு முதலாளியாகவே அறிந்திருந்தார்கள். கடன் விழுத்திவிட்டது, போட்டி விழுத்திவிட்டது என்று அடக்கம் நடந்த மையவாடியிலும் சிலர் கதைத்தார்கள். அப்படியல்ல. அண்ணனைப் போலக் காக்கா என்று அழைத்து, பத்து வருடம் அவருடைய தொழில் பங்காளியாக இருந்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் பைபர் படகுகள் செய்தோம். வேலை அவர் பொறுப்பு, ஓடர் எடுப்பது என் பொறுப்பு. கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து ரெசின் பசை பூச வேண்டும். பாய்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்க வேண்டும். முடிந்த படகை மடக்கிய விரல் மொழியால் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். ஓரிடத்தில் சத்தம் மாறினாலும் அந்தப் படகு வெளியே போகாது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அட்டாளைச்சேனை, தம்பிலுவில் ஆட்களெல்லாம் எங்களிடம் வந்தார்கள்.

ஒரு மாரி மழையில், ஆறு படகு மட்டுமே செய்யக்கூடிய காலத்துக்குப் பதின்மூன்று படகுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கூரை ஒழுகியது. பாய்க் கட்டுகள் ஈரலித்திருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்த காக்கா, "இது ஒட்டாது. ஏலா என்டு சொல்லிரு" என்றார்.

"சொன்னா எல்லாரும் அடுத்த பட்டறைக்குப் போயிருவாங்க காக்கா. பிறகு நாம என்ன செய்யிற?"

அவர் அந்த ஈரப் பாயையே அச்சில் விரித்தார்.

பங்குனியில் வினாயகபுரத்திலிருந்து செய்தி வந்தது. நடுக்கடலில் எங்கள் படகொன்றின் அடி பிளந்துவிட்டது. அண்ணனும் தம்பியுமாக இருவர் போயிருந்தார்கள். தம்பியை வேறொரு படகு காப்பாற்றியது. அண்ணன் சிவராசாவின் உடல் மறுநாள் கரையொதுங்கியது.

அலை அடித்துவிட்டதென்று சொல்லிவிடுவோம் என வழிநெடுக நான் காக்காவிடம் சொல்லிக்கொண்டே போனேன். செத்தவீட்டு வாசலில் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. காக்கா மட்டும் இறங்கினார். சிவராசாவின் மனைவி கேட்டது வாகனத்துக்குள் இருந்த எனக்கும் கேட்டது.

"நல்ல போட் எண்டு சொல்லித்தானே தந்தீங்க?"

"ஓம் தங்கச்சி. நல்லம் என்டுதான் தந்த. அது நல்லமில்ல. எனக்குத் தெரிஞ்சிருந்த."

யாரோ அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அந்த மாரியில் செய்த மற்றப் பன்னிரண்டு படகுகளையும் திருப்பி எடுத்து, ஒவ்வொன்றின் அடியையும் அறுத்துப் பார்த்தார். ஐந்தில் பாய்கள் கையோடு உரிந்து வந்தன. தன் வளவு நிலத்தை விற்று எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார். பட்டறையைப் பூட்டினார். நான் கொழும்புக்குப் போய்விட்டேன். கேட்டவர்களிடம் ரெசின் சரியில்லை என்று சொன்னேன்.

போன வருடம் கல்முனையில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான கூட்டமொன்றில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். ஊருக்கு வந்திருந்த நான் கடைசி வரிசையில் இருந்தேன். "உங்கட தொழில் ஏன் விழுந்த?" என்று ஒரு பெண் நேராகவே கேட்டார்.

"பூட்டின நாளில விழல்ல மகள். ஈரப் பாயைக் கையால தொட்டன். தெரிஞ்சிட்டு. தெரிஞ்சும் விரிச்சன். அன்டைக்கே முடிஞ்ச. தொழில் விழுந்தா ஆக்கள் காரணத்தச் சந்தையில தேடுவாங்க. நமக்குத் தெரிஞ்சும் வாய் திறக்காம விட்டது என்ன என்டுதான் முதல்ல தேடணும்."

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "என்னையும் சொல்லியிருக்கலாமே காக்கா."

"ஒன்ட பிழைய நான் சொல்லேலா. அத நீதான் போய்ச் சொல்லணும்."

அவர் இருக்கும்வரை நான் சிவராசாவின் வீட்டுக்குப் போகவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு மறுநாள்தான் போனேன். சிவராசாவின் மனைவி முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தியது நான்தான் என்று சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"அவர் வருசா வருசம் வந்து இதில நிண்டுட்டுப் போவார். ஒரு நாளும் உங்கட பேரச் சொல்லல்ல. அவர் செத்தாப் பிறகா வாறீங்க?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்: இத்தனை வருடம் அவர் தனியாகச் சுமந்த பழியில் என் பங்கு. அதை இனி நான் வேறு யார் தலையிலும் வைக்கமாட்டேன்.