பேச்சி கண்ட பதினேழு முடிச்சு

சங்கரன்கோவிலில் ‘செல்ஃப்’ என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். பைக் மெக்கானிக்குக்கு அது பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்புவது. பரோட்டாக் கடைக்காரருக்கு, நீயே தட்டை எடுத்துக்கொள் என்பது. பேச்சிக்கோ அது ஜென்ம விரோதி.

பேச்சிக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு தினமும் ஷேர் ஆட்டோவில் குருவிகுளம் பக்கம் போவாள். அங்கே ராஜதுரையின் தோட்டத்தில் ஒட்டு விதைப் பருத்தி. மறுநாள் மலரப்போகும் மொட்டைச் சாயங்காலமே பிரித்து, மகரந்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துவிட வேண்டும். காலையில் வேறு ரகத்துப் பூவைக் கொண்டுவந்து தடவி, காம்பில் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். வழிக்காமல் விட்ட மொட்டு தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அதற்குத்தான் செல்ஃப் என்று பெயர். அது கலந்தால் விதைக் கம்பெனி தோட்டத்தையே கழித்துவிடும். பேச்சி கைபட்ட தோட்டத்தை இதுவரை கழித்ததில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் பன்னிரண்டு வீட்டில் உலை கொதித்தது.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. சாமி காட்சி கொடுக்கும் நேரமும் மொட்டு வழிக்கும் நேரமும் ஒன்று.

“ஒரு நாள் பூ வீணாப் போயிருமேட்டி!” என்று ராஜதுரை குதித்தார்.

“போட்டும் அண்ணாச்சி. தபசுக்குப் போகாம எங்களால இருக்க முடியாது. நாளைக்கு விடிய வந்து, பூத்த பூவ எல்லாம் கிள்ளிப் போட்டுருதோம்” என்றாள் பேச்சி.

சொன்னபடியே தபசில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அம்மன் சப்பரத்தை நோக்கிப் பருத்தியை வீசிச் சூறை விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் விடியுமுன் வந்து கிள்ளினார்கள். ஆனால் கடைசி நாலு பாத்தியை ராஜதுரை தானே கிள்ளிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மனுசனுக்கு என்ன கரிசனம் என்று பேச்சி வியந்தாள்.

மூன்று வாரம் கழித்து, கம்பெனி அதிகாரி ஜெபசிங் வருகிற அன்று காலை, அவள் ஒரு சுற்று பார்த்தாள். கடைசிப் பாத்தியில் கால் நின்றது. காயில் சிவப்பு நூல் இருந்தது. முடிச்சுதான் சரியில்லை. பன்னிரண்டு பேர் முடிச்சும் அவளுக்கு அத்துப்படி. மூக்கம்மா இரண்டு சுற்றுச் சுற்றுவாள், இன்னொருத்தி இடக்கையால் இழுப்பாள். இது மாட்டைக் கட்டுகிற முடிச்சு. எண்ணினாள். பதினேழு.

காயைப் பறித்தால் முதலாளி முகம் சுளிப்பார், அடுத்த வருசம் வேறு ஆளைக் கூப்பிடலாம். விட்டால் யாருக்கும் தெரியாது, தனக்கு மட்டும் தெரியும். பேச்சி யோசித்தது ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். பிறகு பதினேழையும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு, வரப்பில் நின்ற ராஜதுரையிடம் போய்க் காட்டினாள்.

“அண்ணாச்சி, இது எங்க முடிச்சு இல்ல.”

ராஜதுரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. “மனசு கேக்கல பேச்சி. இத்தன பூவையும் எப்படிக் கிள்ளுதது? கொஞ்சத்த விட்டு நூலக் கட்டிட்டேன்” என்றார். அதற்குள் ஜெபசிங்கின் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேச்சியின் மடியைப் பார்த்தார். “என்னம்மா இது?”

ராஜதுரை தரையைப் பார்த்தார்.

“செல்ஃப் சார். பதினேழு கெடந்துச்சு. அண்ணாச்சி தோட்டத்துல ஒண்ணு இருக்க விடுவாகளா? கிள்ளியாச்சு.”

ஜெபசிங் ராஜதுரையின் கையைக் குலுக்கி, இப்படி ஒரு விவசாயியைப் பார்த்ததில்லை என்றார். ராஜதுரைக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த ஆடித்தபசுக்கு மதியமே வேன் பிடித்து வந்து எல்லோரையும் ஏற்றிவிட்டவர் ராஜதுரைதான். மறுநாள் விடிய பேச்சி வந்தபோது, அவர் கடைசிப் பாத்தியில் தலைத்துண்டோடு குனிந்து நின்றார். காலடியில் மஞ்சள் பூ குவிந்து கிடந்தது.

“எண்ணிப் பாரு பேச்சி, ஒண்ணுகூட விடல” என்றார்.

“எண்ண வேண்டாம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாத்திக்குப் போனாள்.