ஆயிரத்து ஐந்நூறுக்குள் ஒரு வாரம்

எங்கள் மகள் தன் அம்மாவைச் "சித்தி" என்று கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கணக்கு நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நானும் மனைவியும் கேளம்பாக்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். ஆபீஸ்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன் நான். அவளுக்கு நாவலூரில் ஒரு ஆபீஸில் வரவேற்பு மேஜை. இரண்டு பேரும் விடிந்ததும் கிளம்பினால் இருட்டியபிறகுதான் வீடு. அதனால் குழந்தை செங்கல்பட்டில் என் மனைவியின் அக்கா வீட்டில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்போம். அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவர்களுக்கு என் மனைவி சித்தி, நான் சித்தப்பா. கூடவே வளர்கிற குழந்தை வேறு எப்படிக் கூப்பிடும்? "சித்தி, பலூன் வாங்கினு வந்தியா?" என்று ஓடி வந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். என் மனைவியும்தான் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது பைக் திருப்போரூர் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஏங்க, வாடகை, கரண்டு, பெட்ரோலு எல்லாம் போவ உங்க சம்பளத்துல இன்னா மீறும்?"

"மாசம் ஆறாயிரம் மீறும். ஏன்?"

"அப்ப வாரத்துக்கு ஆயிரத்தி ஐநூறு. அதுக்குள்ள எட்டு வாரம் சாப்ட்டுக் காட்டிட்டோம்னா நான் வேலய வுட்டுடறேன். புள்ளய கூட்டினு வந்துடலாம்."

அன்றைக்கே கேளம்பாக்கம் முனையில் பைக்கை நிறுத்தச் சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். அரிசிக் கவலை எங்களுக்கு இல்லை. ஊரில் அப்பாவின் நிலத்திலிருந்து மூட்டை வந்துவிடும். பால், பருப்பு, எண்ணெய், காய், மீன், சோப்பு, இவைதான் செலவு. அதுவரை வாரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. முதல் வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. அவள் முகம் விழுந்துவிட்டது. நான்தான் நாள் முழுக்க ரோட்டில் இருக்கிறவன், நாலு கடை பார்க்கிறவன், வாங்குகிற வேலையை என்னிடம் விடு, எழுதுகிற வேலையை நீ பார் என்று வீறாப்பாகச் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிது இல்லை.

ஏனென்றால் எனக்குப் பேரம் பேச வராது. வெட்கம் ஒன்றும் இல்லை, பொறுமை இல்லை. சிக்னலில் வேன் நின்றால்கூட என் கால் சும்மா இருக்காது, எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். பேரம் என்பது நின்று நிதானமாகச் செய்கிற வேலை. ஒரு விலை கேட்க வேண்டும், உதட்டைப் பிதுக்க வேண்டும், நாலு அடி நடக்க வேண்டும், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். நாலு அடி நடந்தால் நான் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவேன். கடைக்காரர் விலை சொன்னதுமே என் கை பைக்குள் போய்விடும்.

இரண்டாவது வாரம் தக்காளியில் ஆரம்பித்தது பொய். முனைக் கடையில் கிலோ நாற்பதுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறேன், எதிர் ஃபிளாட்டு அம்மா ஒரு பை நிறையத் தக்காளியோடு நிற்கிறார். மினி லாரியில் மைக் போட்டு நாலு கிலோ நூறு என்று விற்றுக்கொண்டு போனானாம். என் மனைவி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "நீங்க இன்னா வெலைக்கு வாங்கனீங்க?" என்றாள்.

"அதே இருபத்தஞ்சுதான்," என்றேன்.

அவள் முகம் அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பரவால்லியே, உங்களுக்குக்கூட வெலை பேச வருதே," என்று சொல்லி எழுதிக்கொண்டாள். முப்பது ரூபாயில் வாங்கிய சந்தோஷம் அது. இதைவிட மலிவாக எந்தச் சந்தையில் கிடைக்கும்?

அப்புறம் வெங்காயம். அப்புறம் முருங்கைக்காய். அப்புறம் கோவளம் கரையில் வாங்குகிற சங்கரா மீன், கிலோ முந்நூறு கொடுத்துவிட்டு இருநூறு என்றேன். போனில் ஸ்கேன் செய்தால் பாங்கிலிருந்து மெசேஜ் வருமே, அதனால் எல்லாவற்றுக்கும் ரொக்கமாகக் கொடுக்க ஆரம்பித்தேன். குறைத்துச் சொன்ன பணத்தை, சம்பளம் போக டிரிப்புக்கு டிரிப் கையில் தரும் பேட்டாவிலிருந்து போட்டேன். அது பற்றாமல் போனபோது பைக் இன்சூரன்ஸுக்கு எடுத்து வைத்திருந்ததில் கை வைத்தேன். மூன்றாவது வாரம் ஆயிரத்து அறுநூறு. நாலாவது வாரம் ஆயிரத்து நானூற்று எண்பது. அந்த எண்ணுக்குக் கீழே அவள் இரண்டு கோடு இழுத்து, ஓரத்தில் ஒன்று என்று எழுதினாள். எட்டில் ஒன்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வேலையை விட்டபிறகு என் பொய் எத்தனை நாள் தாங்கும்? குழந்தைக்குப் பால் வேண்டும், பழம் வேண்டும். பேட்டாவும் எல்லா வாரமும் ஒரே மாதிரி வராது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். செங்கல்பட்டு போவோம். குழந்தை "சித்தி" என்று வந்து மடியில் விழும். சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன்.

அதனால் சொன்ன பொய்யையெல்லாம் நிஜமாக்கிவிடலாம் என்று கிளம்பினேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அலைந்தேன். செங்கல்பட்டு மார்க்கெட்டில் வெங்காயம் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று ஒரு பயணி போனில் பேசியது காதில் விழுந்தது. வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐந்து கிலோவில் ஐம்பது ரூபாய் மிச்சம், பெட்ரோல் நூற்று இருபது. பொத்தேரியில் மாணவர்கள் வாங்கும் கடையில் முட்டை மலிவு என்றார்கள். முப்பது முட்டை வாங்கி வந்ததில் ஏழு வழியிலேயே உடைந்தது. நாலு கிலோ நூறு லாரியைப் பிடிக்க இரண்டு நாள் தெருத் தெருவாகச் சுற்றினேன். பிடித்தும்விட்டேன். வீட்டுக்கு வந்து கொட்டினால் அடியில் பாதி கூழ். பெரிய கடைகளில் தேதி முடியப்போகிற பிரெட்டுக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணின் பின்னாலேயே நான் நடக்க, அவள் திரும்பிப் பார்த்து, "அண்ணா, இன்னா வோணும் உங்களுக்கு?" என்று முறைத்தாள். மானம் போயிற்று.

தூக்கம் கெட்டது, வேலையில் எரிந்து விழுந்தேன். மனைவியோ நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தாள். ஏழாவது இரட்டைக் கோடு போட்ட அன்று ராஜினாமா லெட்டரைப் போனில் எழுதி வைத்துவிட்டு என்னிடம் படித்துக் காட்டினாள். குழந்தைக்கு என்று ஒரு சின்னத் தட்டும் டம்ளரும் வாங்கியிருந்தாள். அதையும் நோட்டில் எழுதினாள், நூற்று முப்பது.

எட்டாவது கோட்டுக்குரிய வாரத்துச் சனிக்கிழமை அவளுக்கு லீவு. "கடைசி வாரம், நானும் மீன் வாங்க வர்றேன்," என்றாள். எவ்வளவோ தட்டிக் கழித்துப் பார்த்தேன். நடக்கவில்லை. கோவளம் கரையில் நான் பைக்கை நிறுத்த இடம் தேடுவதற்குள் அவள் நான் வழக்கமாக வாங்கும் அம்மாவிடமே போய்விட்டாள். அந்தப் பக்கம் நின்று மீன் விற்கும் பெண்களில் அவர்தான் பெரிய குரல்காரர். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு பாதியில் இருந்தது.

"முந்நூறா? எங்க வூட்டுக்காரருக்கு வாராவாரம் இருநூறுக்குத்தானேம்மா குடுக்கறீங்க?"

"யாரும்மா உங்க வூட்டுக்காரரு?"

என் மனைவி திரும்பி என்னைக் காட்டினாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இவரா? இன்னாம்மா நீ, இந்தக் கரையிலயே கேட்ட வெலைய குடுத்துட்டுப் போற ஒரே ஆளு இவருதான். ஒரு நாளு நானே நம்ம அண்ணாத்தயாச்சேன்னு இருபது ரூவா கொறச்சேன், பரவால்ல வச்சுக்கன்னு போய்ட்டாரு."

குட்டு உடைந்துவிட்டது. என் மனைவி முந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள், மீனை வாங்கினாள், பைக்கில் ஏறினாள். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரும் வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே காற்று பலமாக அடிக்கும், எப்போதும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தாள். சிவப்புப் பேனா எடுத்தாள். "சொல்லுங்க. ரெண்டாவது வாரம் தக்காளி?"

"நாப்பது."

"வெங்காயம்?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். வேறு எதையும் ஞாபகம் வைக்கத் துப்பில்லாத எனக்கு மாற்றிச் சொன்ன விலை ஒவ்வொன்றும் மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொரு பக்கமும் சிவப்பாகிக்கொண்டே வந்தது. இரண்டு கோடு போட்ட வாரங்களில் ஒன்றுகூட ஆயிரத்து எண்ணூறுக்குக் கீழே இல்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் பேனாவை மூடினாள்.

"நான் ஒவ்வொரு வாரமும் கோடு போட்டுட்டு இன்னா நெனப்பேன் தெரியுமா? இன்னும் எத்தினி நாளு அவ என்ன சித்தின்னு கூப்புடுவான்னு எண்ணுவேன். நீங்க பக்கத்துலயே உக்காந்துகினு பாத்துகினு இருந்தீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உன் முகம் மலர்வதற்காகச் சொன்னேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லியிருந்தால் தட்டு பறந்திருக்கும். நாலு நாள் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

ஐந்தாவது நாள், "இனிமே ரெண்டு பேரும்தான் போவணும். மொதல்லருந்து எட்டு வாரம்," என்றாள்.

போனோம். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே காய் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம், பெட்ரோல் தனியாகப் போகாது. மீனுக்குச் சனிக்கிழமை கொஞ்சம் வெயில் ஏறியபிறகு போனால் மீந்ததைத் தள்ளிவிடுவார்கள் என்று அந்தப் பெரிய குரல் அம்மாவே சொல்லிக் கொடுத்தார். எண்ணெயை அக்காவோடு சேர்ந்து பெரிய டின்னாக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். அவள் பேரம் பேசும்போது நான் தள்ளிப் போய் நிற்க வேண்டும், காலை ஆட்டக்கூடாது என்று உத்தரவு. நான் நின்றால் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைக்க மாட்டாராம். அதுவும் உண்மைதான்.

ஆயிரத்து எழுநூற்றெண்பது. ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. ஆயிரத்து அறுநூற்று முப்பது. குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனால் ஆயிரத்து ஐந்நூறைத் தொடவில்லை. ஒரு வாரம்கூட இரண்டு கோடு போட முடியவில்லை. குழந்தைக்கு மூன்று வயதாகப் போகிறது. அக்காவின் சின்னப் பையன் போகும் பள்ளியிலேயே அவளையும் சேர்த்துவிடலாமா என்று அக்கா கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். என் மனைவி, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கூட்டினாள். இரண்டு முறை கூட்டினாள். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினாள். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. மீன் விலையை மட்டும் இன்னும் பேனாவால் எழுதவில்லை, பென்சிலில் முந்நூறு என்று குறித்திருந்தாள்.

"ஏங்க," என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "மீனு எரநூத்தி நாப்பதுன்னு எழுதிக்கலாமா?"

நான் அவளைப் பார்த்தேன். என்னை நிற்க வைத்து ஒவ்வொரு விலையாகக் கேட்டு வறுத்தவள் இவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை வாங்கி முந்நூறு என்று எழுதினேன். எழுதிவிட்டு, "வேணாம்," என்றேன்.

பிறகு கோபம் வந்தது அவளுக்கு. என் மேல் இல்லை, நோட்டின் மேல்.

"அறுவது ரூவா. இந்த அறுவது ரூவாக்கு நான் என் புள்ளைக்கு சித்தியா?"

போனை எடுத்தாள். எழுதி வைத்திருந்த லெட்டரில் தேதியை மட்டும் மாற்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள்.

ஒரு மாதம் கழித்துக் குழந்தை ஒரு துணிப் பையோடும் அக்கா பையன்களின் பழைய பந்தோடும் வந்து சேர்ந்தாள். ஆயிரத்து ஐந்நூறுக்குள் இன்றுவரை நாங்கள் சாப்பிட்டதில்லை. நான் சனிக்கிழமைகளில் ஏர்போர்ட் டிரிப் ஓட்டுகிறேன். வாரக் கடைசியில் கையைக் கடிக்கிறது, சண்டை வருகிறது, ஓடுகிறது. குழந்தை வந்த பிறகும் பல நாள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். அவளும் திருத்தவில்லை.

போன வாரம் சோப்பு விலை பார்ப்பதற்காக அந்தப் பழைய நோட்டைப் புரட்டினேன். குழந்தை வந்த ஐந்தாவது வாரத்துப் பக்கத்தில், கத்தரிக்காய் முப்பது, கடலை எண்ணெய் நூற்றெண்பது, இரண்டுக்கும் நடுவில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. இன்னிக்கு அம்மான்னு கூப்பிட்டா. அதற்கு எதிரே விலை எழுதும் இடம் காலியாக இருந்தது.