அன்னூரில் பாதியில் நின்ற பாட்டு

முஜீப்புக்குக் குரல் ஆண்டவன் கொடுத்தது. பிடிவாதம் அவனே தேடிக்கொண்டது. கோட்டைமேட்டில் ஒரு கேசட் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கேட்ட சினிமாப் பாட்டைப் பதிந்து கொடுப்பான். ஓய்ந்த நேரத்தில், அமெரிக்கக் கறுப்பர்கள் நெஞ்சு வெடிக்கப் பாடும் சோல் பாட்டுகளைக் கேட்டுக் கிறங்கிக் கிடப்பான். அந்தக் குரலோடு ராக் கிதாரையும் நம்மூர் பம்பை மேளத்தையும் கலந்து அவனும் பாலகோபாலும் ஆரம்பித்த குழுவுக்கு 'சுக்குக்காப்பி' என்று பெயர். பெரியநாயக்கன்பாளையத்தில் பாலகோபாலின் அப்பா வைத்திருந்த பம்புசெட் பட்டறைதான் ஒத்திகைக் கூடம்.

நாலு வருடம் நாயாய் அலைந்தார்கள். போகிற இடமெல்லாம் தேடிவந்து கேட்பதற்கு ஒரு நாற்பது பேர் சேர்ந்தார்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கை வழிக்கவா?

அத்தா இறந்த பிறகு முஜீப்பை வளர்த்தவர் அண்ணன் ரசாக். 1995 சித்திரையில் அவர் ஷார்ஜா வேலைக்கு விசா வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தார். முஜீப் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அன்னூர் பக்கத்தில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பாட அப்போதுதான் அழைப்பு வந்திருந்தது.

"நீயும் வாண்ணா. நாங்களே கட்டுன பாட்டு ஒண்ணு பாடுவோம். சனம் கலைஞ்சுபோச்சுன்னா நான் மறுபேச்சில்லாம ஷார்ஜா போறேன்."

"வாக்கு மாறக் கூடாது, கண்ணு" என்றார் ரசாக்.

கோயில் மைதானத்தில் ஐந்நூறு பேர். ஐந்தரைக்குத் தொடங்கி நாலு சினிமாப் பாட்டு முடித்து, சொந்தப் பாட்டை எடுத்தார்கள். முஜீப் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பாடினான். முதல் சரணத்தில் ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான். இரண்டாம் சரணத்தில் கண்ணைத் திறந்தால், ஆண்கள் எழுந்து விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். மைதானம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. அவனுக்குக் குரல் உடைந்து நின்றுவிட்டது.

கீழே ரசாக் மட்டும் நின்றார். முஜீப் இறங்கிப் போனான்.

"போறேண்ணா. வெள்ளிக்கிழமையே போறேன்."

ரசாக் அவன் தோளைத் தட்டினார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஏஜென்ட்டிடம் பேசிவிட்டு வந்தார். "டிக்கெட் போடச் சொல்லிப்போட்டேன்."

வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, முழங்கால்வரை சேறோடு ஒருவர் வந்தார். நோம்பிக் கமிட்டித் தலைவர் பாலுசாமி.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்திப்போட்டீங்க? ஆறு மணிக்குத்தானுங்களே மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் உடுறாங்க, அதுவும் கொஞ்ச நேரந்தான். மோட்டாரைப் போட்டுத் தண்ணி கட்டலீன்னா வாழை காஞ்சுபோயிருமுங்க. உட்ட எடத்துலிருந்து பாடுங்க."

அவருக்குப் பின்னால் ஊரே ஈரக்காலோடு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

பாலகோபால் தலையில் அடித்துக்கொண்டான். "எங்கப்பா விக்கிறதே பம்புசெட்டு! கரண்ட் வர்ற நேரத்துல கச்சேரிக்கு நேரம் சொல்லிப்போட்டனே, பாவி!"

முஜீப் அண்ணனைப் பார்த்தான். ரசாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வளர்த்தவருக்குக் கொடுத்த வாக்கை எந்த வாயால் மாற்றுவது? மேடையேறி இரண்டாம் சரணத்திலிருந்து பாடினான். ஒரு குழந்தைகூட எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை பாடச் சொன்னார்கள், பாடினான்.

பாலுசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த நோம்பிக்கும் நீங்கதானுங்க தம்பி. ஏழு மணிக்கு வச்சுக்கலாம். வந்துருவீங்கல்லோ?"

"வாரனுங்க" என்றான், வெள்ளிக்கிழமை ஷார்ஜா போகப்போகிற முஜீப்.