தண்ணீர் பல்பு சினிமா

ஃபியூஸான பல்பின் அடியைத் தட்டி எடுத்து, தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸாகிவிடும். பள்ளியில் இதைக் கேட்டு வந்தவள் என் அக்கா. மாரண்டஹள்ளி டூரிங் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய துண்டு ஃபிலிம்கள் எங்களிடம் இருந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது.

ராகி மூட்டைகள் அடுக்கிய பின்னறைதான் எங்கள் தியேட்டர். அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினால் இருட்டு. ஜன்னல் கதவில் மட்டும் ஓர் ஓட்டை. அக்கா வெளியே வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியை அதற்குள் திருப்புவாள். நான் உள்ளே ஸ்டூலில் பல்பை வைத்து, ஓட்டைக்கும் பல்புக்கும் நடுவே ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிப்பேன். எதிர்ச் சுவரில், அறைக் கதவை ஒட்டிக் கட்டிய அப்பாவின் வேட்டியில் படம் விழும். தெருப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, திரையில் நின்ற கதாநாயகனின் தோள்மேல் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. நீண்டது. நுனி மெல்ல வளைந்து மேலேறியது.

"ஐ, பாம்பு படம்!" பிள்ளைகள் கை தட்டினார்கள்.

என் கையிலிருந்த ஃபிலிமில் பாம்பு கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே இருந்த கூரையின் ஓட்டுச் சட்டத்திலிருந்து அது வேட்டிக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணாடிய ஆட்டாத!"

"ஏண்டி? கை கடுக்குது."

"ஆட்டாதக்கா! உள்ள பாம்பு இருக்குது!"

அக்கா ஆட்டவில்லை. ஆனால் வெயிலை மேகம் மறைத்தது. அறை இருண்டுபோனது. அந்த இருட்டில் ஏதோ பொத்தென்று விழுந்தது. ஒரு பிள்ளை அலறிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்தது. "அப்பா, அப்பா" என்று அக்கா கத்திக்கொண்டே ஓடுவது கேட்டது. நான் தடவித் தடவி ஜன்னல் கொக்கியைக் கழற்றினேன். பல்பு உருண்டு உடைந்தது.

வெளிச்சம் வந்ததும் பாம்பைக் காணோம். அதுதான் பாம்பைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது. மூட்டைகளின் இடுக்குகள் எல்லாமே கறுப்பாகத் தெரிந்தன.

அப்பா தடியோடு கதவைத் தள்ளினார். "யாரும் நகராதீங்க!" ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டார். கதவிலிருந்து தூரத்தில் நின்றதால் நான் கடைசி. என்னைத் தூக்கியபோதும் மூட்டை இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரைதாம்மா, கடிக்காது" என்றார். அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ தியேட்டர்களில் படம் பார்த்துவிட்டேன். அடுத்து என்ன வருமோ என்று கொஞ்சம் பயந்தால்தான் எனக்கு அது சினிமா.

பாம்பு வந்ததற்கு அடுத்த வாரம், வேறொரு பல்பை வைத்து, பயந்துகொண்டு கதவைத் திறந்து வைத்தே காட்டினோம். வேட்டியில் வெறும் மங்கல்தான்.

"ஒண்ணுமே தெரியல" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அக்கா வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னாள். யாரும் எழவில்லை. சட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி நானே போய்ச் சாத்தினேன்.